ஏலக்காரரின் நீல ஜீப்

அவர் வீட்டில் தண்ணீர் வாங்கிக் குடித்தால், முன்பின் தெரியாத யாருடைய கல்யாணத்திலோ குடித்தது மாதிரி இருக்கும். டம்ளரைத் திருப்பிப் பார்த்தால் பெயர் வெட்டியிருக்கும். இன்ன ஊர் இன்னாருக்குத் தாய்மாமன் சீர், இன்னார் நினைவாக இன்னார் அளித்தது என்று பொடிப்பொடியாக எழுத்து. அந்த இன்னார்களில் ஒருவர்கூட அவருக்குச் சொந்தமில்லை. எல்லாம் அடகுக்கடையில் மீட்க ஆளில்லாமல் ஏலத்துக்கு வந்த பாத்திரங்கள். ஆனால் ஒவ்வொன்றையும் அவருக்கு அடையாளம் தெரியும். நீட்டும்போதே, "இது ராசிபுரத்துக் கல்யாணமுங்க அம்மிணி" என்பார். சொம்பை எடுத்துக் காட்டி, அது எடப்பாடிக் காதுகுத்து என்பார்.

எழுபத்தேழில் பனமரத்துப்பட்டி ஏரிக்கு மேற்கே இருந்த அந்த ஊருக்கு நர்சாகப் போனேன். கெங்கவல்லிப் பக்கத்துப் பெண். வயது இருபத்து நான்கு. துணை சுகாதார நிலையத்துக்குக் கட்டடம் கிடையாது. அவர் வீட்டின் முன்பக்க அறையைத்தான் ஒதுக்கிக் கொடுத்திருந்தார். அந்த அறையில் ஊசி, மாத்திரை, தராசு. அதை அடுத்த சின்ன அறையில் நான். ஊரில் அவரை ஏலக்காரர் என்றுதான் சொல்வார்கள். தோட்டம், கிணறு, தென்னை என்று வசதியான குடும்பம். புதிதாக வாங்க முடியாதவர் அல்ல, வாங்கப் பிடிக்காதவர்.

வாசலில் ஒரு பெஞ்சு போட்டிருப்பார். மூடிப்போன டூரிங் டாக்கீஸில் எடுத்தது. அதன் முதுகில் 'பெண்கள்' என்று வெள்ளையில் எழுதியிருக்கும். அந்த எழுத்தின் மேல் சாய்ந்துகொண்டுதான் அவர் சாயங்காலம் பேப்பர் படிப்பார். அவர் படுப்பது பதினான்காம் நம்பர் ஆஸ்பத்திரிக் கட்டில். சுவர்க் கடிகாரம் ஒரு நூல் மில்லில் இருந்தது. இரண்டாம் ஷிப்டுக்கு நேராகச் சிவப்பு மையில் போட்ட கோடு அப்படியே இருக்கும். அவர் மனைவி ஒருநாள் மாவு சலித்துக்கொண்டே என்னிடம் சொன்னார். "எங்கூட்டுல நான் ஒருத்திதானுங்க அம்மிணி புதுசா வாங்கினது." பெஞ்சில் இருந்தவர் பேப்பரிலிருந்து தலையை எடுக்காமலே ஆமாங்க என்றார்.

பெஞ்சில் இருக்கிற எழுத்தையாவது சுரண்டிவிடலாமே, வருகிறவர்கள் சிரிக்கிறார்களே என்று நானும் சொல்லிப் பார்த்தேன். அவருக்கு முகம் சுருங்கிவிட்டது. "இருந்துட்டுப் போகட்டுமுங்க. ஒருத்தரு பொழங்கின நெனப்பு. அதை அழிக்கறதுக்கு நாம ஆருங்க?" என்றார்.

முதலில் எனக்கு அவரைக் கிறுக்கு என்றுதான் தோன்றியது. அப்புறம் ஒருநாள் அடுப்படியில் வேறு யாருடைய பெயரோ வெட்டிய குடத்தைப் பார்த்துக்கொண்டு நின்றபோது என் அம்மாவின் குடம் நினைவுக்கு வந்தது. எங்கள் வீட்டுப் பாத்திரங்களும் அடகில் மூழ்கினவைதான். அம்மாவின் பெயர் இருக்கிற அந்தக் குடம் இப்போது எந்த ஊரில் யார் இடுப்பில் இருக்கிறதோ. அங்கேயும் இப்படி ஒரு மனிதர் இருந்தால், 'இது கெங்கவல்லிக் கல்யாணம்' என்று சொல்லிவிட்டுத் தண்ணீர் மொள்ள விடுவார் என்று நினைத்தேன். அன்றிலிருந்து அவர் மேல் எனக்கு ஒரு பிரியம் வந்துவிட்டது. அந்தப் பிரியம் இன்றுவரை போகவில்லை. அதனால்தான் இதைச் சொல்வது கஷ்டமாக இருக்கிறது.

ஜீப் வாங்கிய அன்றைக்கு எனக்குச் சேலத்தில் மாதக் கூட்டம். கூட்டம் முடிந்து ஐஸ் பிளாஸ்கில் தடுப்பு மருந்தை வாங்கிக்கொண்டு பஸ்ஸுக்கு அலைய வேண்டாம், மைதானத்துக்கு வந்துவிடுங்கள், வண்டியிலேயே போய்விடலாம் என்று காலையிலேயே சொல்லியிருந்தார். ஏலம் எடுப்பதற்கு முன்னாலேயே அவ்வளவு நிச்சயம். நான் போனபோது போலீசார் கழித்துப்போட்ட வண்டிகள் வரிசையாக நின்றன. மற்ற ஏலதாரர்கள் மெக்கானிக்கைக் கூட்டிவந்து பானெட்டைத் திறந்து தலையை விட்டுக்கொண்டிருந்தார்கள். இவர் மட்டும் ஒரு கருநீல ஜீப்பின் மட்கார்டில் கையை வைத்துக்கொண்டு, இதை ஓட்டினவர் யார் என்று கேட்டுக்கொண்டிருந்தார்.

அது அவர் பழக்கம். எந்தச் சாமானையும் வாங்குமுன் அதைப் புழங்கினவரைப் பற்றித் தெரிந்துகொள்ள வேண்டும். ஓட்டுநராக இருந்த போலீஸ்காரரே அங்கே நின்றார். ரிட்டயராகும் வயது. பத்து வருஷம் அந்த ஒரே ஜீப்பைத்தான் ஓட்டினாராம். முதல் கியர் கொஞ்சம் அடம் பிடிக்கும், இடது கதவு தொங்கிவிட்டது, தூக்கித்தான் திறக்க வேண்டும், தூக்கித்தான் சாத்த வேண்டும் என்று பிள்ளையின் வியாதியைச் சொல்வது மாதிரி சொன்னார். ஏலம் படிந்ததும் இவர் அவருடைய இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு, நன்றாக வைத்துக்கொள்கிறேன் என்றார். பெண்ணைக் கட்டிக்கொடுத்தவரிடம் மாப்பிள்ளை சொல்வது மாதிரி இருந்தது.

ஓட்டினவரைப் பற்றி அவ்வளவு விசாரித்தார். பின்னால் உட்கார்ந்து போனவர்களைப் பற்றி அவர் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை. கேட்க வேண்டும் என்று எங்கள் இருவருக்குமே தோன்றவில்லை. பின் பெஞ்சுக்குக் கீழே தரையில் கனமான இரும்பு வளையம் ஒன்று இருந்தது. எதற்கு என்று யோசிக்காமல், என் பிளாஸ்க் உருளாமல் இருக்க அதில் கயிற்றைக் கோத்துக் கட்டினார்.

போலீஸ் என்ற எழுத்தின் மேல் யாரோ அவசரத்தில் வெள்ளையை இழுத்துவிட்டிருந்தார்கள். வெயில் பட்டால் எழுத்து அடியிலிருந்து தெரியும். நிறத்தை மாற்றிவிட வேண்டும் என்று சொல்லித்தான் வண்டியைக் கொடுத்தார்கள். ஆகட்டுமுங்க என்று வாங்கிக்கொண்டார். அவர் ஆகட்டுமுங்க என்று சொன்னால் ஆகாது என்று எனக்குத் தெரியும். வழியில் ஒரு முக்கில் நின்ற போலீஸ்காரர் எங்களைப் பார்த்து விறைப்பாகச் சல்யூட் அடித்தார். இவர் பதறிப்போய் ஸ்டியரிங்கை விட்டுவிட்டுப் பதிலுக்குக் கும்பிட்டார். ஊர் வரும்வரை நான் சிரித்துக்கொண்டே வந்தேன். உண்மையைச் சொல்லிவிடுகிறேன், அந்தச் சல்யூட் எனக்குப் பிடித்திருந்தது.

பொங்கல் சமயத்தில் ஆட்டையாம்பட்டிப் பக்கம் ஒரு வேப்பந்தோப்பில் சேவக்கட்டு நடந்துகொண்டிருந்தது. வண்டியைக் கண்டதும் ஒரு ஆள் மிச்சமில்லாமல் பக்கத்துச் சோளக்காட்டில் புகுந்துவிட்டார்கள். தோப்பில் நாலு சேவலும் ஐம்பது அறுபது செருப்பும்தான் இருந்தன. இவர் இறங்கிச் சோளக்காட்டைப் பார்த்து, நான்தானுங்க, பயப்படாதீங்க, வாங்க என்று கூப்பிட்டார். சோளத்தட்டுகூட ஆடவில்லை. அதுதான் போலீஸின் தந்திரம் என்று நினைத்திருப்பார்கள். பார்த்தார். சேவல்களை நிழலில் கட்டி, கொட்டாங்குச்சியில் தண்ணீர் வைத்து, செருப்புகளை ஜோடி ஜோடியாக அடுக்கிவிட்டு வந்தார். ஜோடி மாறிப்போயிருக்கிறது என்று மறுநாள் இரண்டு பேர் வீட்டுக்கே வந்து குறை சொன்னார்கள். மன்னிப்புக் கேட்டுக்கொண்டு அவர்களுக்கு ராசிபுரத்துக் கல்யாணத்தில் மோர் கொடுத்தார்.

நாளாக ஆக எங்கள் சுற்றுவட்டாரத்துக்கு ஜீப் பழகிவிட்டது. நீல ஜீப் என்றால் ஏலக்காரர் வண்டி. பிள்ளைகள் கையைக் காட்டுவார்கள், கிழவிகள் நடுரோட்டில் நின்று மறித்து ஏறுவார்கள். அவர் ஒருவரையும் விட்டுவிட்டு வந்ததில்லை. எல்லாருக்கும் இடது கதவைத் தூக்கித் திறக்கப் பழகிவிட்டது. தள்ளியிருந்த ஊர்களில்தான் பயம் இருந்தது. அந்தப் பயத்தை நான் உபயோகப்படுத்திக்கொண்டேன்.

அதற்கு முன் நான் நடந்துபோய் ஊசி போட்ட காலத்தில், பெட்டியைக் கண்டதும் தாய்மார்கள் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு காட்டுக்குள் போய்விடுவார்கள். ஜுரம் வரும், கை கால் போய்விடும் என்று என்னென்னவோ பேச்சு. ஒரு நாளைக்கு நாலு பிள்ளைகளுக்குப் போட்டால் பெரிது. மாதக் கூட்டத்தில் என்னை எழுப்பி நிறுத்திவைத்துக் கேட்பார்கள். ஜீப்பில் போக ஆரம்பித்ததும் கதை மாறியது. தள்ளியிருந்த ஊர்களில் நீல ஜீப் போய் நின்றால் போதும், ஒரு பேச்சில்லாமல் பிள்ளைகளோடு வரிசையில் வந்து நின்றார்கள். அவர் பாவம், எல்லாரும் எவ்வளவு பொறுப்பாக வருகிறார்கள் என்று ஆச்சரியப்படுவார். எனக்குக் காரணம் தெரியும். தெரிந்தும் சொல்லவில்லை. ஊசி நல்லதுதானே, பயத்தில் போட்டுக்கொண்டால் என்ன என்று இருந்தேன். ஒன்றியத்திலேயே முதலாவது என்று கூட்டத்தில் கைதட்டினார்கள்.

அவர் தோட்டத்தில் செங்கோடன் என்று ஒருவன் வேலை பார்த்தான். என்னைவிட இரண்டு மூன்று வயது மூத்தவன். ஊரோடு சேர்ந்து நானும் அவனை அவன் என்றே சொல்லிப் பழகிவிட்டேன். இனிமேல் மாற்றினால் நடிப்பாக இருக்கும். அவன் மனைவி பாவாயி. ஏரிக்கரைக்குக் கீழே சீமைக்கருவேல மரங்களுக்கு நடுவில் அவர்கள் குடிசை. பாவாயிக்கு மூன்று முறை கலைந்து நாலாவது தங்கியிருந்தது. அவளைப் பார்ப்பதற்காக வாரம் ஒருமுறை நடந்தே போவேன். போனால் வேகவைத்த மரவள்ளிக்கிழங்கு சாப்பிடாமல் விடமாட்டார்கள்.

செங்கோடன் மட்டும் ஜீப்பில் ஏறுவதில்லை. வாடா என்று அவர் கூப்பிட்டாலும், நீங்க போங்க சாமி, நான் பின்னாலயே வாரேன் என்று நடந்துதான் வருவான். முதலாளியோடு சமமாக உட்காராத மரியாதை என்று அவர் எடுத்துக்கொண்டார்.

பாவாயிக்கு ஏழாம் மாதம் நடந்தபோது ஒருநாள் கிழங்கை என் கையில் கொடுத்துவிட்டு, தயங்கித் தயங்கிச் சொன்னான். போன வருஷம் யாருடைய சாராயக் குடத்தையோ சுமந்துபோகும்போது அவனைப் பிடித்துவிட்டார்கள். அந்த ஜீப்பில்தான் ஏற்றினார்கள். எந்த ஸ்டேஷன் என்றுகூட அவனுக்குத் தெரியாது. வெகுதூரம், தரையில் உட்காரவைத்து, கையை அந்த வளையத்தில் சேர்த்துப் பூட்டிக் கொண்டுபோனார்கள். மணிக்கட்டைத் திருப்பிக் காட்டினான், தழும்பு இருந்தது. கேஸ் இன்னும் முடியவில்லை. ஒரு வாய்தாவுக்குக் கூலி வேலையை விட்டுவிட்டுப் போக முடியாமல் போய்விட்டது.

"அதே வண்டிதானுங்கம்மா. அந்தக் கதவைச் சாத்தற சத்தம் எனக்குத் தெரியுமுங்க. பண்ணாடியூட்டுச் சாமானைப் பத்தி நான் வாயைத் தொறந்தா நல்லாருக்காதுங்க. நீங்க சொன்னாக் கேப்பாருங்க. வேற சாயம் ஒண்ணு பூசச் சொல்லுங்க."

தோட்டத்து ஆள் எஜமானர் வீட்டுப் பொருளைப் பற்றி நல்லது கெட்டது பேசக்கூடாது என்பது அந்தப் பக்கத்து வழக்கம். அதனால்தான் அவன் என்னிடம் வந்தான். பாவாயி அடுப்பருகே உட்கார்ந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் சொன்னது இதுதான்.

"சொல்றேன். இந்த மாசம் ஊசி முகாம் இருக்கு, அது முடியட்டும்."

முகாம் முடிந்தது. அடுத்த மாதம் இன்னொரு முகாம் வந்தது. அவரிடம் ஒரு வார்த்தை சொன்னால் மறுநாளே பூசியிருப்பார். எழுத்தை அழிக்க மனமில்லாதவர்தான், ஆனால் ஒருவனுக்கு வலிக்கிறது என்று தெரிந்தால் தன் தோலையே உரித்து மாற்றிக்கொள்ளக்கூடிய மனிதர். அது எனக்கு நன்றாகத் தெரியும். தெரிந்ததால்தான் சொல்லவில்லை.

பாவாயிக்கு ஒரு விடியற்காலையில் வலி எடுத்தது. பத்து மணிக்கெல்லாம் எனக்குப் புரிந்துவிட்டது, குழந்தை குறுக்கே கிடக்கிறது. என் கையில் ஆகாது, சேலம் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும். பக்கத்துக் குடிசைக்காரியை அவர் வீட்டுக்கு ஓடச் சொன்னேன். கரையிலிருந்து குடிசைக்கு இறங்கும் தடம் முள்ளுக்குள் மறைந்திருக்கும், புதிதாக வண்டியில் வருகிறவருக்குத் தெரியாது. வாசலில் நின்ற செங்கோடனிடம், நீ கரைக்குப் போ, நீல ஜீப் வரும், கையைக் காட்டி நிறுத்து, ஏறி உட்கார்ந்து வழியைக் காட்டிக் கூட்டிக்கொண்டு வா என்றேன். அவன் ஒரு கணம் என் முகத்தைப் பார்த்தான். சரிங்கம்மா என்று சொல்லிவிட்டு ஓடினான்.

கொஞ்ச நேரத்தில் கரைமேல் ஜீப் சத்தம் கேட்டது. நின்றது. அப்பாடா என்று நினைத்தேன். மறுபடி கிளம்பிய சத்தம் எங்கள் பக்கம் வராமல் தூரமாகப் போய்த் தேய்ந்தது. எனக்கு ஒன்றும் புரியவில்லை. பாவாயியின் வயிற்றில் வைத்த கையை எடுக்கவும் முடியவில்லை. அதற்கப்புறம் கால்மணி நேரம் கழித்துத்தான் அவர் வந்தார், முள்ளில் வழி தேடிக்கொண்டு, தனியாக. செங்கோடன் எங்கே என்றேன். கரையில் யாரையும் காணோமே என்றார். விசாரிக்க நேரமில்லை. பாவாயியைத் தூக்கினோம். வண்டியில் அவருடைய பதினான்காம் நம்பர் கட்டில் மெத்தை விரித்திருந்தது. இரும்பு வளையத்தைக் காணோம், அந்த இடத்தில் ஓட்டை மட்டும் இருந்தது.

மதியம் பெண் குழந்தை பிறந்தது. இரண்டு உயிரும் பிழைத்தன. சாயங்காலம் திரும்பி வந்த பிறகுதான், கரையில் ஆடு மேய்த்துக்கொண்டிருந்த ஒரு அம்மாள் நடந்ததைச் சொன்னாள். வந்தது வேறு ஜீப். அதே நீலம், நிஜப் போலீஸ். வாய்தாவுக்குப் போகாததால் செங்கோடன் மேல் பிடிவாரண்டு இருந்திருக்கிறது, அவனைத் தேடித்தான் வந்திருக்கிறார்கள். அவன் நடுக்கரையில் நின்று இரண்டு கையையும் ஆட்டி நிறுத்தியிருக்கிறான். ஓடிப்போய் இடது கதவைத் தூக்கித் திறந்தானாம். அது தூக்காமலே சுலபமாகத் திறந்துகொண்டதாம். அப்புறம்தான் உள்ளே இருந்தவர்களை நிமிர்ந்து பார்த்தான் என்றாள்.

மறுநாள் காலையில் அவர் வக்கீலோடு ஸ்டேஷனுக்குப் போனார். திரும்பி வந்து அந்தப் பெஞ்சில் உட்கார்ந்தார். சாயவில்லை, முன்னால் குனிந்து உட்கார்ந்தார். அவர் சொன்னது அப்படியே காதில் இருக்கிறது.

"என்னையக் கண்டதும் செவுத்துப் பக்கம் திரும்பிக்கிட்டானுங்க அம்மிணி. பொம்பளப்புள்ள பொறந்திருக்குதுடான்னு சொன்னேன். அப்பவும் திரும்பலீங்க. நாம புடிச்சுக் குடுத்துட்டம்னு நெனைச்சுக்கிட்டான்."

அவனுக்கு வேறு எப்படித் தோன்றும்? நீல ஜீப்பை நிறுத்தச் சொன்னது நான். ஏறி உட்காரச் சொன்னது நான். வந்தது போலீஸ். அடுத்த சில நாட்களில் கேஸ் முடிந்து அவனை விட்டுவிட்டார்கள். கூட்டிவர இவர் போய்ச் சேருவதற்குள் அவன் வெளியே வந்து நடந்துவிட்டான். லாரிகள் போகிற ரோட்டுப் பக்கம் போனதாக டீக்கடைக்காரர் சொன்னார். வீட்டுக்கு வரவில்லை. குழந்தையைப் பார்க்கவில்லை. நான் அந்த ஊரில் இருந்தவரை வரவில்லை.

முன்பு அவனைப் பூட்டிக் கொண்டுபோனது இதே வண்டிதான் என்று பாவாயி சொல்லக் கேட்டு, அந்த வாரமே அவர் ஜீப்புக்கு மஞ்சள் பெயிண்ட் பூசினார். ஆள் வைக்காமல் தன் கையாலேயே பூசினார். அவர் வாங்கிய சாமான் ஒன்றை அவர் மாற்றி நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. காயுமுன் ஓட்டிக்கொண்டு கிளம்பியதில் புழுதி ஒட்டி, வண்டி முழுக்கச் சொரசொரவென்று ஆகிவிட்டது. நாமக்கல் லாரிப் பட்டறைகள், சங்ககிரியில் லாரிகள் நிற்கிற இடங்கள், ஆத்தூர்ப் பக்கத்தில் ஜவ்வரிசி செய்கிற சேகோ பேக்டரிகள் என்று வாரா வாரம் போனார். மஞ்சளானாலும் அது ஜீப்தானே. கேட்டால் ஆட்கள் தெரியாது என்று நகர்ந்துவிட்டார்கள். பிறகு தூரத்திலேயே நிறுத்திவிட்டு நடந்துபோய்க் கேட்க ஆரம்பித்தார். அவனைக் கண்டால் வரச் சொல்லுங்கள் என்றுகூட அவர் கேட்கவில்லை. நாங்கள் பிடித்துக் கொடுக்கவில்லை என்று மட்டும் சொல்லிவிடுங்கள் என்றுதான் கேட்டாராம்.

ஏலத்துக்குப் போவதை விட்டுவிட்டார். ஒருநாள் அவர் மனைவி என்னை உள்ளே கூப்பிட்டுக் காட்டினார். பின்கட்டில் உட்கார்ந்து அரத்தை வைத்துக்கொண்டு டம்ளர்களில் இருந்த பெயர்களை ஒவ்வொன்றாக ராவிக்கொண்டிருந்தார். எடப்பாடிக் காதுகுத்து போய்விட்டது. மடியெல்லாம் பித்தளைத் தூள். அவர் மனைவி எதற்கும் கலங்காதவர், அன்றைக்கு முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதார். என்னால் அங்கே நிற்க முடியவில்லை.

அவர் தன்னை எதற்காக நொந்துகொண்டார் என்றால், அந்த வளையத்துக்காக. பிள்ளை வலியோடு வருகிறவளுக்கு முதுகில் குத்துமே என்று அதைக் கழற்றப் பார்த்திருக்கிறார். நட்டு துருப்பிடித்துப் போய் வரவில்லை. அதோடு மல்லுக்கட்டி நின்ற நேரத்தில்தான் மற்ற ஜீப் முந்திக்கொண்டது. ஒரு நட்டைக் கழட்ட நின்னனே என்று எத்தனையோ தடவை சொல்லிவிட்டார். எங்கள் ஜீப் அப்போதே மஞ்சளாக இருந்திருந்தால், எந்த நீல ஜீப் முந்தினாலும் செங்கோடன் முள்ளுக்குள் ஒதுங்கி நின்றிருப்பான். அந்த ஒரு வார்த்தை என்னிடம் இருந்தது.

குழந்தைக்கு ஊசி போடப் போன அன்று பாவாயியே பேச்சை எடுத்தாள். குழந்தையின் தொடையைப் பிடித்துக்கொண்டு, என்னைப் பார்க்காமல் சொன்னாள். "முகாம் முடியட்டும்னு நீங்க சொன்னதை நான் பண்ணாடிகிட்டச் சொல்லலீங்கம்மா. உங்க கைபட்டுத்தான எம்புள்ள பொழைச்சுது." திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். ஊசியைக் கையில் வைத்துக்கொண்டு, என்ன மருந்து, எவ்வளவு என்பது மறந்துபோய் அப்படியே நின்றேன்.

எண்பத்து மூன்றில் எங்கள் ஊர்ப் பக்கமே மாற்றல் கிடைத்தது. அதற்கு இரண்டு வருஷம் கழித்து அவர் இறந்துவிட்டதாகக் கடிதம் வந்தது. லீவு கிடைக்கவில்லை என்று எல்லாரிடமும் சொன்னேன். லீவுக்கு எழுதிப் போடவே இல்லை என்பதுதான் நிஜம்.

மாற்றலாகி நான் கிளம்பிய அன்றைக்கு மஞ்சள் ஜீப்பில் பஸ் நிறுத்தம்வரை கொண்டுவந்து விட்டார். பெட்டியை இறக்கி வைத்துவிட்டு, காகிதத்தில் சுற்றிய ஒரு டம்ளரைக் கொடுத்தார். ராசிபுரத்துக் கல்யாணம்தான், பார்த்ததுமே தெரிந்தது. பெயர் இருந்த இடம் ராவி மொட்டையாக இருந்தது. அந்தச் சொரசொரப்பில் இன்றைக்கும் தினமும் என் கட்டைவிரல் படுகிறது.

தூரத்தில் பஸ் வந்துகொண்டிருந்தது. அவர் ஜீப்பின் மேல் கையை வைத்துக்கொண்டு நின்றார். மஞ்சளுக்கு அடியில் ஒரு இடத்தில் நீலம் கிளம்பியிருந்ததை நகத்தால் தடவிக்கொண்டே கேட்டார்.

"ஏனுங்க அம்மிணி, இந்த வண்டி அவனுக்கு ஆகலீன்னு ஒரு வார்த்தை ஆருகிட்டயாச்சும் சொல்லியிருந்தான்னா, அன்னைக்கே பூசிப்போட்டிருப்பனே. சொல்லாமப் போயிட்டான் பாருங்க."

பஸ் வந்து நின்றது. நான் பெட்டியைத் தூக்கினேன். அவர் முகத்தைப் பார்த்து, "ஆமாங்க" என்றேன்.